ஒரு வரிக் கல்வெட்டும் ஐந்து பாகக் காதலும்

‘பொன்னியின் செல்வன்’ 2022 செப்டெம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தது. படம் பார்த்த கையோடு கல்கியின் நாவலைத் தேடியவர்கள் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அதற்குச் சற்று முன்னர், 2020இன் கடைசியில், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சீமான் வீட்டுக் காதல்களைக் காட்டும் ‘பிரிட்ஜர்டன்’ தொடர் நெட்பிளிக்ஸில் வந்து இளையவர்களைப் பிடித்துக்கொண்டது. இரண்டையும் ஒட்டி இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வாசிப்பவர்கள் கேட்பது: இதில் எது நடந்தது, எது கட்டியது? வாசிக்காதவர்கள் கேட்பது: கைத்தொலைபேசியில் காதல் நடக்கும் காலத்தில் வாளும் ஓலையும் பாய்மரமும் கொண்ட காதலில் அப்படி என்ன இருக்கிறது?

முதல் கேள்விக்குப் பதில் தேடினால் இரண்டாவதற்கும் பாதி பதில் கிடைத்துவிடும். நடந்ததும் கட்டியதும் ஒட்டும் அந்தத் தையலில்தான் இவ்வகை நாவலின் கவர்ச்சி முழுவதும் இருக்கிறது.

முதலில் சொற்கள்

‘சரித்திரம்’ என்ற சொல்லே ஆளைக் குழப்பும். 1879இல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என்று படித்திருக்கிறோம். அது சரித்திர நாவல் அன்று. அக்காலத்தில் சரித்திரம் என்றால் ஒருவருடைய வாழ்க்கைக் கதை, அவ்வளவுதான். ‘ரொமான்ஸ்’ என்ற சொல்லும் இதே போல் வேடம் மாறியது. இடைக்கால ஐரோப்பாவில் அது வீரர்களும் மாயங்களும் நெடும்பயணங்களும் நிறைந்த சாகசக் கதைக்குப் பெயர். காதல் கதை என்ற பொருள் பின்னால் வந்து குடியேறியது. ஆகவே பிரித்துக்கொள்வது நல்லது.

1. சரித்திர நாவல்: எழுதுபவர் நேரில் கண்டிராத, முடிந்துபோன ஒரு காலத்தில் நடக்கும் கதை. ஆட்சி மாற்றமோ போரோ அதன் முதுகெலும்பு. ஐரோப்பாவில் இதற்கு அச்சுப் போட்டவராக வால்ட்டர் ஸ்கொட்டைச் சொல்வார்கள். அவருடைய ‘வேவர்லி’ வந்தது 1814இல்.

2. சரித்திர சாகசக் கதை: போரும் ஒற்றும் கடற்பயணமும் முன்னால் நிற்க, காதல் கூடவே ஓடிவரும். நம்முடைய வாரத் தொடர்களில் பெரும்பாலானவை இந்த இனம்.

3. வரலாற்றுக் காதல் நாவல்: காதலே முதுகெலும்பு; காலம் அதற்கு உடுத்திய உடை. ஆங்கிலப் பதிப்புலகில் இதற்கு எழுதப்பட்டது போன்றே ஒரு சட்டம் உண்டு: இருவரும் கடைசியில் சேர்ந்தே ஆகவேண்டும். 1921இல் முதல் நாவலை வெளியிட்ட ஜோர்ஜெட் ஹெயர், இங்கிலாந்தில் மன்னருக்குப் பதில் மகன் ஆட்சி நடத்திய 1811–1820 காலத்தை இவ்வகைக்கே பட்டா எழுதிக் கொடுத்தவர்.

4. பழைய நாவல்: இதைத்தான் பலரும் மூன்றாவதோடு சேர்த்துவிடுகிறார்கள். ஜேன் ஒஸ்டின் எழுதியது அவர் வாழ்ந்த காலத்தை. நமக்குத்தான் அது பழையது. அவருக்கு அது அன்றைய பத்திரிகைச் செய்தி போல.

தமிழில் இரண்டாவதும் மூன்றாவதும் எப்போதும் கலந்தே கிடைக்கின்றன. ‘சேர்ந்தே ஆகவேண்டும்’ என்ற சட்டத்தை நம்மவர்கள் மதித்ததும் இல்லை. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ சிவகாமியை ஏகாம்பரநாதர் சந்நிதியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ‘பொன்னியின் செல்வன்’ முடியும்போது வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிறவள் மணிமேகலை. குந்தவையோடு அவனுக்குத் திருமணம் நடக்கும் காட்சி நாவலில் இல்லை. ஆங்கில வாசகி காசைத் திருப்பிக் கேட்டிருப்பாள். தமிழ் வாசகர் மூன்று தலைமுறையாகப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போகிறார். இந்த வேறுபாட்டைக் காரணத்தோடு பார்க்கவேண்டும்.

பொறி எப்படி இயங்குகிறது

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வாசித்தவர்களுக்கு அவற்றின் குரல் தெரியும். கணக்கப்பிள்ளையின் குரல் அது. எந்த நகை, எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி, அதில் எத்தனை முத்து என்று கல்லில் வெட்டிக்கொண்டே போகும். இராசராசனின் அக்கா குந்தவை கொடுத்த பொன்னும் அணிகளும் அந்தக் கணக்கில் வருகின்றன. கொடுத்தவர் யார் என்று அடையாளம் சொல்லும் இடத்தில், வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்று ஒரு தொடர். அவ்வளவுதான். அவர்கள் எங்கே சந்தித்தார்கள், யார் முதலில் பேசினார்கள், மூவுலகும் ஆளப்போகும் குடும்பத்துப் பெண்ணை ஒரு சிற்றரசர் குலத்தவனுக்கு எப்படிக் கொடுத்தார்கள், ஒன்றும் இல்லை. ஒரு திருமணம் முழுவதும் ஓர் அடைமொழிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது.

ஐந்து பாகங்கள், 1950 முதல் 1954 வரை வாரா வாரம், கல்கி எழுதியது அந்த அடைமொழிக்கு முந்திய கதையை. இதுதான் பொறியின் முதல் சக்கரம்.

1. இடைவெளி. பதிவு இருக்கவேண்டும், ஆனால் நிறைய இருக்கக்கூடாது. பதிவே இல்லையென்றால் அது அம்புலிமாமாக் கதை. கடிதங்களும் நாட்குறிப்புகளும் குவிந்து கிடந்தால் அது வாழ்க்கை வரலாறு. கல்லில் ஒரு வரி, செப்பேட்டில் இன்னொரு வரி, நடுவில் இருபது ஆண்டு வெற்றிடம் என்றால் அது நாவலாசிரியருக்கு விளைநிலம்.

2. தெரிந்த முடிவு. அருள்மொழி 985இல் அரியணை ஏறி இராசராசன் ஆவான் என்பது நாவலைத் திறக்கும் முன்பே நமக்குத் தெரியும். கடலில் அவன் மூழ்கும் அத்தியாயத்திலும் அவன் சாகமாட்டான் என்பது தெரியும். அப்படியானால் பதைபதைப்பு எங்கிருந்து வருகிறது? கல்வெட்டில் பெயர் இல்லாதவர்களிடமிருந்து. நந்தினி, பூங்குழலி, சிவகாமி ஆகிய மூவரும் கற்பனை. அவர்களைக் காப்பாற்ற எந்தச் சாசனமும் இல்லை. எழுதுபவர் நினைத்தால் அடுத்த வாரமே கொன்றுவிடலாம். வாசகர் மனம் அரசகுமாரர்களை விட்டு இந்தப் பெண்களின் பின்னால் போவதற்குக் காரணம் அவர்களின் அழகு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய நாளை மட்டும்தான் திறந்து கிடக்கிறது என்பதே மெய்யான காரணம்.

3. தடை. காதல் கதைக்குத் தடை வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கிருந்து அந்தத் தடையை எடுக்கிறார்கள் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு வருகிறது. அதற்குத் தனித் தலைப்பே வேண்டும்.

இங்கிலாந்துக்குத் தடை, யாழ்ப்பாணத்துக்கு அனுமதி

இன்று இலண்டனில் இருபத்தைந்து வயதான இருவர் விரும்பினால் நாளைக்கே சேர்ந்து வாழலாம். நாவலுக்கு அது பெரிய நட்டம். கதை முப்பது பக்கத்தில் முடிந்துவிடும். ஆகவே ஆங்கில எழுத்தாளர் பின்னோக்கிப் போய்த் தடையை இறக்குமதி செய்கிறார். 1753இன் திருமணச் சட்டப்படி, இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணமுடிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அச்சட்டம் ஸ்கொட்லாந்தில் செல்லாது. அதனால் காதலர்கள் இரவோடு இரவாகக் குதிரை வண்டியில் எல்லை தாண்டி, முதலில் எதிர்ப்படும் கிரெட்னா கிரீன் என்ற ஊரில் கல்யாணம் செய்துகொண்டார்கள். மணமானபின் பெண்ணின் அசையும் சொத்தெல்லாம் கணவனுடையது என்ற நிலை 1870, 1882 சட்டங்கள் வரும்வரை நீடித்தது. யாரைக் கட்டுகிறாள் என்பதில் அவளுடைய முழு வாழ்க்கையும் பணயம். தடை பெரிது, பணயம் பெரிது, ஆகவே கதையும் பெரிது.

யாழ்ப்பாணத்து வாசகிக்குத் தடையைத் தேடி இருநூறு ஆண்டு பின்னால் போகவேண்டிய தேவை இல்லை. வீட்டு மண்டபத்திலேயே இருக்கிறது. சாதகம் பொருந்தவேண்டும், செவ்வாய் எங்கே என்று பார்க்கவேண்டும், சீதனம் பேசவேண்டும், சாதியை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், ஆனால் ஊரைக் கேட்பார்கள், ஊர் தெரிந்தால் வட்டாரத்தைக் கேட்பார்கள். மாப்பிள்ளை வெளிநாடு என்றால் விசா வேறு. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணமானபின் தேடியது) என்று மூன்றாகப் பிரிக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் அதைத் தொகுத்து எழுதிவைத்தபோதே பெற்றோர் சீதனம் கொடுத்துச் செய்துவைக்கும் மணமே அதன் நடுத்தூண். சீதனம் பெண்ணின் சொத்து என்பது அதில் உள்ள நல்ல பக்கம். கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி அந்தக் காணியை அவள் விற்க முடியாது என்பது மற்றப் பக்கம்.

இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து சரித்திர நாவல் வாசிப்பவருக்குப் பழங்காலம் கொடுப்பது அனுமதி. சங்கப் பாட்டில் களவு, அதாவது மணத்துக்கு முந்திய மறைவுக் காதல், உண்டு. தாய்க்குத் தெரியாமல் தலைவனோடு புறப்படும் உடன்போக்கு உண்டு. அதைப் பாடியவர்களைப் புலவர் என்று பாடசாலையில் மனனம் செய்விக்கிறார்கள். படகு வலிக்கும் ஒரு பெண் இளவரசனை விரும்பலாம். விருப்பம் கைகூடாவிட்டாலும் அப்படி விரும்பியதற்காகக் கதையில் யாரும் அவளை இழிவாக நடத்துவதில்லை. அதுவும் நம் மொழியில், நம் தெய்வங்களின் முன்னிலையில், நம் முன்னோர் என்று பெருமைப்படும் ஆட்களிடையே நடக்கிறது. புதுக் காதல் நாவலை வீட்டில் ‘கண்டறியாத புத்தகம்’ என்று பறித்துவைப்பார்கள். அதே காதல் சோழர் காலத்து உடையில் வந்தால் ‘தமிழ் படிக்கிறாள்’ என்று விட்டுவிடுவார்கள். ஆங்கிலப் பாடம் எடுக்கும் பிள்ளை சீமான் வீட்டுக் காதல் நாவலை ‘இங்கிலிஷ் முன்னேறும்’ என்று வாசிப்பதும் இதே உத்திதான்.

தமிழின் முதல் சரித்திர நாவலும் இந்த இடத்திலிருந்தே புறப்பட்டது. திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை எழுதி 1895இல் சென்னையில் வெளிவந்த ‘மோகனாங்கி’ அது. மதுரைச் சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை இளவரசிக்கும் இடையில் ஒரு காதலை அதில் அவர் வைத்தார். வரலாற்றில் பதிவாகி இருப்பது பெண் கேட்டு மறுக்கப்பட்டதும், 1673இல் போர் மூண்டு தஞ்சை நாயக்கர் ஆட்சி முடிந்ததும். ‘மோகனாங்கி’க்கு மூன்று ஆண்டு முன்னர், 1892இல், அதே மனிதர் ‘தத்தை விடு தூது’ என்று பெண்விடுதலை பேசும் செய்யுள் நூல் ஒன்றை எழுதியிருந்தார். நேரடியாகச் சொன்னதை மூன்று ஆண்டு கழித்து நாயக்கர் காலத்து உடை உடுத்திச் சொன்னார் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஈழத்தவர் ஒருவர் தொடக்கிவைத்த வகை இது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது வேறு கதை.

‘சேர்ந்தே ஆகவேண்டும்’ என்ற சட்டம் தமிழில் ஏன் எடுபடவில்லை என்பதும் இங்கே விளங்கும். தடையைத் தாண்டிக் குதித்துப் பார்க்கவேண்டும் என்பது ஆங்கில வாசகியின் ஆசை. விரும்புவதே குற்றமில்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்கவேண்டும் என்பது இங்கே உள்ள ஆசை. சிவகாமி சேராமல் போனாலும் அவள் விரும்பியது பெருமையாகவே நிற்கிறது. அது போதுமாயிருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த அனுமதியில் பாதி மாயை. அரண்மனைத் திருமணங்களில் பெரும்பாலானவை அரசியல் பேரங்கள். இராசராசன் தன் மகளைக் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்குக் கொடுத்தது வேங்கி நாட்டைச் சோழர் பக்கம் கட்டிவைப்பதற்காக. சீதனப் பேச்சு அங்கே நாடளவில் நடந்தது.

கடலுக்கு அந்தக் கரை

தமிழ்நாட்டு வாசகருக்கு இல்லாத ஒரு வசதி யாழ்ப்பாணத்தவருக்கு உண்டு. கோடிக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கடல் ஏறத்தாழ 55 கிலோமீற்றர். ‘பொன்னியின் செல்வ’னில் படகு கிளம்பும் கரை அது. வந்து ஒதுங்கும் கரை நமது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விட்டபோது, நாவல் படித்தவர்களுக்கு அது ஒரு போக்குவரத்துச் செய்தியாக மட்டும் இருந்திருக்காது.

இன்னும் கிட்ட வரலாம். வல்வெட்டித்துறைக்கு மேற்கே தொண்டைமானாறு. முருகனின் சந்நிதி கோயிலுக்குப் போகிறவர்கள் கடக்கும் பாலம். பக்கத்தில் உவர்நீரை மறிக்கும் அணை. கழுத்தளவு தண்ணீரில் இறால் வலை. அந்தப் பெயர் முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமானால் வந்தது என்பது இங்கே வழங்கும் மரபுக் கதை. கரணவாய், வெள்ளப்பரவைப் பக்கத்து உப்பைக் கடலுக்குக் கொண்டுபோக அவன் வெட்டுவித்த வாய்க்கால் என்பார்கள். உரும்பிராயில் கருணாகரப் பிள்ளையார் கோயிலும் அவன் பெயரைச் சொல்கிறது. அதே கருணாகரத் தொண்டைமான்தான் ‘கலிங்கத்துப் பரணி’யின் வெற்றி வீரன், அவனேதான் சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் இளையபல்லவன் என்ற பெயரில் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியையும் மஞ்சளழகியையும் ஒருங்கே கலங்கடிக்கும் கதாநாயகன்.

பரணி அவனைப் பேய்கள் வாழ்த்தும் போர்க்களத்தில் நிறுத்தியது. வாரத்தொடர் அவனைக் கப்பல் தளத்தில் இரண்டு பெண்களுக்கு நடுவில் நிறுத்தியது. யாழ்ப்பாணத்து நினைவு அவனை உப்புக் கணக்குப் பார்க்கும் மேற்பார்வையாளனாக வைத்திருக்கிறது. மூன்றில் நமது கதைதான் கொஞ்சம் கஞ்சத்தனமானது. அதனாலேயே நம்பும்படி இருக்கிறது.

அவள் என்ன நினைத்தாள்?

யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் எழுதியது. அதில் மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசி வருகிறாள். குன்மம் என்ற வயிற்றுநோய், முகமோ குதிரை முகம். மருந்து எதுவும் பலிக்காமல் கீரிமலைக்கு வந்து தீர்த்தமாடுகிறாள். நோய் தீர்ந்து முகம் மாறுகிறது. நன்றிக் கடனாக மாவிட்டபுரத்தில் கந்தசுவாமி கோயில் எழுப்புகிறாள். கதிரமலையிலிருந்து ஆண்ட உக்கிரசிங்கன் அவளைக் காண்கிறான், இரவில் பாளையத்திலிருந்து தூக்கிக்கொண்டு போகிறான், மணமுடிக்கிறான்.

காதல் நாவலுக்கான எல்லாச் சரக்கும் இதில் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. தூக்கிக்கொண்டு போன இரவில் அவள் என்ன நினைத்தாள் என்று வைபவமாலை சொல்லவில்லை. விரும்பிப் போனாளா? குரல் கொடுத்தாளா? வாழ்நாள் முழுவதும் குதிரை முகத்தோடு இருந்துவிட்டு, கேணித் தண்ணீரில் முதன்முறையாகத் தன் முகத்தைக் கண்ட பெண், அடுத்த நாட்களிலேயே அந்த முகத்துக்காகக் களவுபோகிறாள். நோயோடு இருந்தவரை பாதுகாப்பாக இருந்தவள் அவள். புலவருக்கு வேண்டியது வம்ச வரிசை. ஆகவே அடுத்த வரியில் பிள்ளைகளின் பெயர் வந்துவிடுகிறது.

வரலாற்றுக் காதல் நாவலின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பதிவேடு யார் யாரைக் கொண்டுபோனார்கள் என்று எழுதும். நாவல் கொண்டுபோகப்பட்டவளின் பக்கம் போய் உட்காரும். பெண் வாசகர்கள் இவ்வகையை விடாமல் பிடித்திருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் காணவில்லை.

இதே இடத்தில்தான் இவ்வகை மிக மோசமாகவும் வழுக்கி விழுந்திருக்கிறது. அமெரிக்காவில் 1972இல் வந்த ‘த ஃபிளேம் அண்ட் த ஃபிளவர்’ நவீன வரலாற்றுக் காதல் நாவலுக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டது. அதில் நாயகன் நாயகியை முதலில் அடைவதே வன்முறையால். பின்னால் அது காதலாகிவிடும். பத்து, பதினைந்து ஆண்டுகள் இந்த வாய்பாடு விற்றது. பிறகு வாசகர்களே எதிர்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். தமிழ்த் தொடர்கள் இந்த அளவுக்குப் போனதில்லை. ஆனால் கடத்தல் இங்கும் வீரம்தான். நாயகியின் இடையையும் விழியையும் வருணிக்க அரைப் பக்கம் எடுக்கும் பேனா, அவளுடைய மறுப்புக்கு அரை வரிகூடக் கொடுக்காத இடங்கள் ஏராளம். உக்கிரசிங்கன் கதையை அப்படி ஒருவர் எழுதினால் வைபவமாலையின் மௌனமே மேல்.

கட்டிய புத்தகமும் ஜாம் போத்தல் விளக்கும்

கவர்ச்சியை விளக்கும்போது கதையை மட்டும் பார்த்தால் போதாது. அது எப்படிக் கைக்கு வந்தது என்பதும் கவர்ச்சியின் பகுதி.

1950களில் சென்னைச் சஞ்சிகைகள் கடல் கடந்து வந்தன. தொடர்கதைப் பக்கங்களை வாரா வாரம் கத்தரித்துச் சேர்த்து, தடித்த மட்டை வைத்துக் கட்டிய புத்தகங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் பெட்டகத்துக்குள் இருந்தன. அவற்றில் கதை மட்டும் இல்லை. பக்கத்தின் பின்புறம் பாதியில் வெட்டுப்பட்ட துணுக்கு, தலைவலித் தைல விளம்பரம், மணியம் வரைந்த படத்தில் யாரோ ஒரு சிறுபிள்ளை பென்சிலால் போட்ட மீசை. நடுவில் ஒரு வாரம் தவறிப்போயிருக்கும். அந்த அத்தியாயத்தில் என்ன நடந்தது என்று அம்மம்மா வாயால் சொல்லித்தான் தெரியவேண்டும். அவர் சொல்வதில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு. கதையின் இடைவெளியை நிரப்பும் வேலை ஆசிரியரோடு நின்றுவிடவில்லை.

1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டு எழுத்துக்கு அது வாசலைத் திறந்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் மலிவு விலையில் ஈழத்து நாவல்களைக் கடை கடையாகக் கொண்டுபோயின. பழைய கட்டுப் புத்தகங்களுக்கோ கிராக்கி கூடியது. 1981 ஜூன் முதலாந் தேதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போன சுமார் 97,000 நூல்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, இங்கே விரிக்கவில்லை.

1990இல் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் தங்கமானது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் வால்வுக்குள் நூல்திரி செருகி எரித்தார்கள். அந்த வெளிச்சம் இரண்டு பக்கத்துக்கு விழாது. ஒரு பக்கத்துக்கு விழும். மற்றப் பக்கத்துக்குப் போத்தலை நகர்த்தவேண்டும். அப்படி நகர்த்தி நகர்த்தி ஆயிரம் ஆண்டுக்கு முந்திய காதலை வாசித்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. நிகழ்காலத்தை மறப்பதற்கு வாசித்தார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் வெளியில் ஷெல் விழும் ஊரில் யாரும் போர் இல்லாத கதையைத் தேடவில்லை. போர் நிறைந்த கதையையே எடுத்தார்கள். அந்தப் போர் முடிந்துவிட்ட போர் என்பதுதான் அதில் இருந்த ஆறுதல்.

அமெரிக்க ஆய்வாளர் ஜனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூலில், காதல் நாவல் வாசிக்கும் நடுமேற்கு ஊர்ப் பெண்கள் சிலரோடு பேசி ஒன்றைக் கண்டுபிடித்தார். என்ன வாசித்தார்கள் என்பதைப் போலவே, வாசிக்க உட்கார்ந்தார்கள் என்பதும் முக்கியம். ‘இந்த ஒரு மணித்தியாலம் எனக்கு’ என்று வீட்டுக்குச் சொல்லும் வழி அது. விஞ்ஞானப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை வைத்து வாசித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

வாசிக்கும்போது கவனிக்க

இவ்வகையை வாசிப்பதால் வரும் தீமை ஒன்றுதான்: புனைவு மெல்ல மெல்ல நினைவாகிவிடும். நந்தினியின் சமாதி எங்கே என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்லூரில் மந்திரிமனையைக் காட்டி இங்கேதான் யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலியனின் மந்திரி இருந்தார் என்று சொல்லிவிடுகிறோம். இன்று நிற்கும் கட்டடத்தில் ஐரோப்பியப் பாணி பளிச்சென்று தெரிகிறது. சில எளிய சோதனைகள் உதவும்.

1. ஒருவர் பெயர் கல்வெட்டிலோ செப்பேட்டிலோ உண்டா என்று பாருங்கள். பெயர் இருந்தால் ஆள் உண்மை. அவர் பேசிய பேச்சு அப்போதும் கற்பனைதான்.

2. காதலன் காதலியிடம் ‘தமிழினம்’, ‘நாட்டு விடுதலை’ என்று பேசினால் அது 20ஆம் நூற்றாண்டின் குரல். ‘பார்த்திபன் கனவு’ தொடராக வந்தது 1941–42இல். சுதந்திரம் கேட்கும் சிற்றரசன் அதில் யாரை நினைவூட்டினான் என்பது அன்றைய வாசகர்களுக்குத் தெரியும்.

3. எதிரி முழுக்கக் கெட்டவனாக இருந்தால் எச்சரிக்கை. சோழர் படை 993இல் அநுராதபுரத்தை அழித்தது; 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டு, பன்னிரண்டு ஆண்டு கழித்துச் சோழநாட்டிலேயே இறந்தான். இதே தீவில் அதே நிகழ்ச்சியை மற்ற மொழியில் படிக்கும் பிள்ளைக்கு நாயகன் வேறு ஆள்.

பதிவு கூடிப்போன காலம்

சங்கிலியனைப் பற்றி யாழ்ப்பாணம் அறியும். முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளேந்தி நிற்கிறான், மேடைகளில் முழங்கியிருக்கிறான். காதலனாக மட்டும் அவன் நம் நினைவில் இல்லை. 1619இல் போர்த்துக்கேயர் பிடித்து, கோவாவுக்குக் கொண்டுபோய், 1623இல் கொன்றார்கள் என்பது வரை எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்கள் பிடித்தவர்கள். நாவலாசிரியருக்கு வேண்டிய வெற்றிடம் அங்கே குறைவு. கேட்பவருக்கு வேண்டிய தூரம் அதைவிடக் குறைவு. தோற்ற கதை இன்னும் ஆறவில்லை என்றால் அதில் நிலாவையும் நந்தவனத்தையும் வைக்கக் கை வராது.

தூரமும் வெற்றிடமும் சரியாக அமைந்த கல் ஒன்று நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு, பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்ச் சாசனம். பரதேசிகள் (பிறநாட்டவர்) ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்துறைக்கு, வந்து தங்கவேண்டும், அவர்களைக் காக்கவேண்டும் என்கிறது. ஆனையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒன்று அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. உடைந்த கப்பலிலிருந்து நீந்திக் கரை சேரும் ஆள் யாருடைய பங்கு என்று அதில் இல்லை.